ஓடத் தொடங்குவோருக்கு எது ஏற்றது: படிப்படியான பயிற்சியா, முதல் நாளிலிருந்தே கடும் பயிற்சியா?

ஓடப் போவதாக முடிவெடுத்த ஒருவர் முதல் வாரத்திலேயே இன்னொரு முடிவையும் எடுத்துவிடுகிறார். பெரும்பாலோர் அதை ஒரு முடிவு என்று உணர்வதே இல்லை. எவ்வளவு தூரம் ஓடுவது, எந்த வேகத்தில் ஓடுவது, மறுநாளும் ஓடுவதா என்ற கேள்விகளுக்கு அன்றைய உற்சாகமே விடை சொல்லிவிடுகிறது. அந்த விடை சரியானதா என்பது ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழிந்த பிறகுதான் தெரியவரும். எனவே முதல் அடியை வைப்பதற்கு முன்பே இதைப் பற்றிச் சிறிது நேரம் யோசிப்பது மிகவும் தேவையானது.

ஒப்பிட வேண்டிய வழிகள் இரண்டு. படிப்படியான வழியில் செல்பவர் வாரத்துக்கு மூன்று நாள், நடையும் மெதுவோட்டமும் மாறி மாறி வரும்படி, பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகத்தில் தொடங்கி, ஓடும் நேரத்தை வாரக்கணக்கில் கூட்டிச் செல்கிறார். கடும் வழியைத் தேர்ந்தவர் முதல் நாளே நடுவில் நிற்காமல் ஓட முயல்கிறார். மூச்சிரைக்கும் வேகத்தில் ஓடுகிறார். ஏறத்தாழ நாள்தோறும் அதையே திரும்பச் செய்கிறார். இவ்விரண்டுக்கும் நடுவில் பல நிலைகள் உண்டு என்றாலும், முடிவெடுக்கும் நேரத்தில் மனத்தில் போட்டியிடுபவை இவைதான்.

கடும் வழியை ஆதரிப்போரின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பழக்கமில்லாத சுமையைச் சந்தித்தால்தான் உடல் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பது பயிற்சி முறைகள் அனைத்துக்கும் அடிப்படை. தீவிரமான முயற்சி குறைந்த நேரத்தில் பெரிய முன்னேற்றத்தைத் தரும் என்பதும் ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்ட செய்தி. ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாதாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், 20 நொடி முழு மூச்சான முயற்சி, 10 நொடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்றுகள் கொண்ட பயிற்சியை ஆறு வாரம் செய்தவர்களுக்கு, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு கூடியதோடு, ஆக்சிஜன் போதாத நிலையிலும் உழைக்கும் திறன் 28 சதவீதம் உயர்ந்தது. ஒரு மணி நேரம் மிதமாக உழைத்த மற்றொரு குழுவினருக்கு இந்த இரண்டாவது திறன் உயரவில்லை. நேரம் குறைவாக உள்ளவர்கள், விரைவில் பலன் காண விரும்புபவர்கள் இத்தகைய முடிவுகளைப் படித்துவிட்டு, மெதுவாகத் தொடங்குவது காலத்தை வீணாக்குவது என்று எண்ணினால் அதில் வியப்பில்லை.

ஆயினும் அந்த ஆய்வில் இரண்டு விவரங்கள் உள்ளன. ஓடத் தொடங்குபவருக்கு அவைதாம் முக்கியமானவை. அதில் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே சுறுசுறுப்பாக உடற்பயிற்சி செய்துவந்த இளம் மாணவர்கள். அவர்கள் உழைத்தது ஓடுதளத்தில் அன்று, நிலையாகப் பொருத்தப்பட்ட உடற்பயிற்சி மிதிவண்டியில். மிதிவண்டியில் இதயத்தையும் நுரையீரலையும் எல்லை வரை தள்ளலாம். காலடி தரையில் மோதும் அதிர்ச்சி அங்கே இல்லை. ஓட்டத்தில் அந்த மோதலைத் தவிர்க்கவே முடியாது. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் கால் தாங்கும் விசை உடல் எடையை ஒட்டியே இருக்கிறது. ஓடும்போது அது இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் கால், அடிக்கு அடி 140 முதல் 210 கிலோ வரையிலான எடைக்கு நிகரான விசையைத் தாங்குகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேர ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் 2,400 முறை இதைச் செய்தாக வேண்டும். தசையை எலும்போடு பிணைக்கும் குதிகால் தசைநாண் தாங்கும் இழுவிசை இதைவிடவும் பல மடங்கு அதிகம்.

ஆகவே ஒரே உடலுக்குள் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன என்று கொள்ள வேண்டும். ஆற்றலைத் தயாரித்து வழங்குவது ஒன்று. மோதலைத் தாங்குவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மையம் என்று நான் கருதுகிறேன். பயிற்சி தொடங்கிய சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்குகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. நான்கைந்து வாரங்களில் தசைகளுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகி, முன்பு மூச்சிரைக்க வைத்த வேகம் இப்போது இயல்பாகத் தோன்றுகிறது. தசைநாண்கள் அப்படி வளர்வதில்லை. அவற்றின் உறுதி கூடுவதைக் கணிசமாக உணரப் பல வாரங்களும் மாதங்களும் ஆகின்றன.

எலும்பின் கதை இன்னும் நுட்பமானது. புதிய சுமைக்கு ஏற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது; இதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. அந்த இடத்தைப் புதிய எலும்பால் நிரப்ப மேலும் மூன்று மாதம் அளவுக்குத் தேவைப்படுகிறது. அதாவது, வலுப்பெறும் பாதையில் எலும்பு சிறிது காலம் முன்பைவிட மெலிந்த நிலையைக் கடந்தே செல்கிறது. ஓட்டக்காரர் தம் மூச்சு சீராகிவிட்டது என்று மகிழ்ந்து தூரத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் கூட்டும் மூன்றாவது முதல் ஆறாவது வாரம் வரையிலான காலமும், எலும்பு இவ்வாறு மெலிந்து நிற்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. கடும் வழியின் ஆபத்து முதல் நாளில் தெரியாமல், எல்லாம் நன்றாகப் போகிறது என்று தோன்றும் நேரத்தில் வெளிப்படுவதற்குக் காரணம் இதுவே.

இதை மருத்துவ உலகம் முதலில் அறிந்தது விளையாட்டு வீரர்களிடமிருந்து அன்று. 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், நீண்ட அணிவகுப்புகளுக்குப் பிறகு படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1897இல், அது பாத எலும்பில் ஏற்பட்ட முறிவு என்று உறுதியாயிற்று. விழுந்தோ மோதியோ ஏற்படாமல், திரும்பத் திரும்ப வரும் சுமையால் மட்டுமே எலும்பு விரிசல் காணும் இந்த நிலைக்கு அணிவகுப்பு முறிவு என்ற பெயர் நெடுங்காலம் வழங்கியது. புதிதாகப் படையில் சேர்ந்தவர்களின் முதல் சில வாரங்களில் இத்தகைய காயங்கள் மிகுவது பின்னர் பல நாடுகளின் படைப் பயிற்சிகளிலும் காணப்பட்டிருக்கிறது. இளமை, உடல்நலம், ஒழுங்கு, மனவுறுதி ஆகிய எல்லாமும் இருந்தவர்களுக்கே இது நேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மனவுறுதி இருந்தால் போதும் என்ற நம்பிக்கை எலும்பிடம் செல்லுபடியாவதில்லை.

இதயத்தைப் பொறுத்தவரை வேறொரு கணக்கு இருக்கிறது. மாரடைப்பு ஏற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கடும் உழைப்பை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு எத்தனை மடங்காகிறது என்று கணக்கிட்டது. வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ கடுமையாக உழைத்துப் பழகியவர்களிடம் அது 2.4 மடங்காக இருந்தது. வாரத்துக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே அவ்வாறு உழைத்தவர்களிடம் 107 மடங்காக இருந்தது. ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகமிகச் சிறியது என்பதால், இந்த எண்ணைக் கண்டு யாரும் ஓட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. பழகிய உடலுக்கும் பழகாத உடலுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் அது தெளிவாகக் காட்டுகிறது. இதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், உழைக்கும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ உணர்ந்தவர்களும் எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் மருத்துவரைக் காண வேண்டும்.

உடலை விட்டு மனத்துக்கு வந்தால், இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. மூச்சு தடுமாறத் தொடங்கும் எல்லையைத் தாண்டி உழைக்கும்போது பெரும்பாலோருக்கு இன்ப உணர்வு சரியத் தொடங்குகிறது என்பதை உடற்பயிற்சி உளவியலாளர் பான்டெலைமன் எக்கெகாக்கிஸ் போன்றோர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியுள்ளனர். பயிற்சியின்போது எப்படி உணர்ந்தோம் என்பது, மறுபடியும் அதைச் செய்வோமா என்பதைப் பாதிக்கிறது. முதல் ஓட்டத்தின் நினைவு திணறலும் அவமான உணர்வுமாக நின்றுவிட்டால், அடுத்த நாள் காலணியை எடுக்கக் கை தயங்கும். போதாக்குறைக்கு, பழகாத தசைகளில் வரும் வலி உடனே வராமல் ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே உச்சம் அடைகிறது. அதற்குள் இரண்டாவது, மூன்றாவது ஓட்டமும் முடிந்திருக்கும். சவாலே இன்பம் தரும் இயல்புடையவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களை மறுக்கவில்லை. ஆனால் ஓட்டத்தைப் பாதியில் விட்டவர்களில் பலர் தமக்கு ஓட்டம் ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் என்பதும், ஒத்துவராமல் போனது அவர்கள் தொடங்கிய விதம் மட்டுமே என்பதும் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி.

இனி, படிப்படியான வழிக்குச் சாதகமாக இல்லாத சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நான்கு மைல் ஓட்டத்துக்குத் தயாரான 532 புதியவர்களை இரு குழுக்களாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழு வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் 13 வாரம் பயின்றது; மற்றது வழக்கமான எட்டு வாரத் திட்டத்தைப் பின்பற்றியது. 2008இல் வெளியான முடிவின்படி, காயமுற்றோர் முதல் குழுவில் 20.8 சதவீதம், இரண்டாவதில் 20.3 சதவீதம். அதாவது, எங்கும் ஓதப்படும் 10 சதவீத விதி எந்தப் பாதுகாப்பையும் கூடுதலாகத் தரவில்லை. இதைக் காட்டி, மெதுவாகத் தொடங்குவது வீண் என்று சொல்வோர் உண்டு. ஆனால் எட்டு வாரத் திட்டமும் ஒழுங்காகக் கூடிச்செல்லும் திட்டம்தான் என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வு ஒப்பிட்டது படிப்படியான இரண்டு வழிகளை. கடும் வழி அங்கே சோதிக்கப்படவே இல்லை. மிக மெதுவாகக் கூட்டுவதால் பெரிய ஆதாயம் இல்லை என்பதே அதிலிருந்து நாம் பெறக்கூடிய நேர்மையான முடிவு.

டென்மார்க்கில் 870க்கும் மேற்பட்ட புதிய ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2014இல் வெளியான ஆய்வு இந்தச் சித்திரத்தை ஓரளவு நிறைவு செய்கிறது. ஓடும் தூரத்தை 30 சதவீதத்துக்கு மேல் கூட்டியவர்களிடம், 10 சதவீதத்துக்குள் கூட்டியவர்களைவிட, முழங்கால் முன்பக்க வலி, ஷின் ஸ்பிளிண்ட்ஸ் எனப்படும், முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு வலி போன்ற தூரம் சார்ந்த காயங்கள் கூடுதலாகக் காணப்பட்டன. எல்லாக் காயங்களையும் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு தெளிவாக இல்லை. 2025இல் 5,205 ஓட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வோ வாரக் கணக்கை விட்டுவிட்டு ஒரு நாள் ஓட்டத்தை நோக்கியது. முந்தைய 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டிய ஓட்டங்களில் காயத்துக்கான வாய்ப்பு கூடியது. அந்தத் தூரத்தை இரட்டிப்புக்கு மேல் ஆக்கியபோது அந்த வாய்ப்பும் இரு மடங்கைத் தாண்டியது. அவர்கள் எல்லாரும் புதியவர்கள் அல்லர் என்றாலும், ஆர்வம் மிகுந்த ஒரே ஒரு நாள் வாரக்கணக்கான ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கை புதியவர்களுக்கே மிகவும் பொருந்தும். புதியவரின் மிக நீண்ட ஓட்டம் மிகச் சிறியது. அதை இரட்டிப்பாக்க ஒரு நல்ல காலைப் பொழுதே போதும்.

படிப்படியான வழி கோழைகளுக்கானது என்ற எண்ணத்தை அதன் வரலாறே மறுக்கிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல், மர்ரே ஹால்பெர்க் ஆகிய இருவரைத் தங்கம் வெல்லச் செய்தவர். அவரே மெதுவோட்டத்தை நடுவயதினருக்கும், மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கும் பயிற்றுவித்தார். 1962 இறுதியில் அங்கு சென்ற அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன், அந்தக் குழுவோடு ஓட முயன்று பின்தங்கிவிட்டார். இதய நோயிலிருந்து மீண்ட, எழுபது வயதைக் கடந்த ஒருவர்தாம் அவருக்குத் துணையாக மெதுவாக ஓடிவந்தார். பவர்மேன் ஊர் திரும்பியதும் இதே முறையை அமெரிக்காவில் பொதுமக்களிடம் பரப்பினார். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே, தொடக்கத்திலிருந்தே இடையிடையே நடப்பதைத் திட்டத்தின் பகுதியாகவே ஆக்கினார். உலகத்தரத்தில் ஓடியவர்களும் அவர்களை உருவாக்கியவர்களும் புதியவர்களுக்கு வகுத்த வழி இது.

நடை இடைவெளிகளைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் படிப்படியான வழியைத் தேர்ந்தவர்கள்கூட முதலில் கைவிடுவது இதைத்தான். நெடுநாள் உட்கார்ந்தே பழகிய ஒருவருக்கு மிக மெதுவான ஓட்டமும் கடும் உழைப்புதான். அவரிடம் மெதுவாக ஓடுங்கள் என்று சொன்னால், இனி குறைக்க வேகம் இல்லை என்பதே உண்மை நிலை. எனவே தீவிரத்தைக் கட்டுக்குள் வைக்க அவருக்கு இருக்கும் ஒரே கருவி, நடுநடுவே நடப்பது. விலங்குகளின் எலும்பில் நடத்திய சோதனைகளும் இதே திசையைக் காட்டுகின்றன: சில டஜன் மோதல்களுக்குப் பிறகு எலும்பு அந்தச் சமிக்ஞைக்குச் செவி சாய்ப்பதை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது, சில மணி நேர ஓய்வுக்குப் பிறகே அது மீண்டும் கூர்மையடைகிறது. எலும்பை வளர்க்க ஒரே நீண்ட ஓட்டத்தைவிடப் பகுத்துச் செய்யும் சிறு ஓட்டங்கள் பொருத்தமானவை என்று இதிலிருந்து கருத இடமுண்டு.

ஜோஷ் கிளார்க் 1996இல் தொகுத்த, கௌச் டு ஃபைவ் கே (சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் வரை) என்று அறியப்படும் ஒன்பது வாரத் திட்டம் இவ்வழியின் நல்ல மாதிரி. ஐந்து நிமிட விரைவு நடைக்குப் பிறகு, 60 நொடி மெதுவோட்டம், 90 நொடி நடை என்று 20 நிமிடம் மாறி மாறிச் செல்வது முதல் வாரம். அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவது ஒன்பதாவது வாரம். ஐந்தாவது வாரத்தில் நடை இடைவெளி இல்லாத 20 நிமிட ஓட்டம் திடீரென்று வருவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அதற்கு முந்தைய அமர்விலேயே எட்டு எட்டு நிமிடமாக 16 நிமிடம் ஓடியிருப்பார்கள் என்பதை நினைத்தால், கூடுவது நான்கு நிமிடம் மட்டுமே. என் கருத்தில் இத்திட்டத்தில் மாற்ற வேண்டியது ஒன்றுதான்: ஒன்பது வாரம் என்பதை ஒரு கெடுவாகக் கொள்ளக் கூடாது. கடினமாக இருந்த வாரத்தை மறுமுறை செய்பவர் எதையும் இழப்பதில்லை; 14 வாரத்தில் முடித்தவரும் அதே அரை மணி நேரத்தைத்தான் ஓடுகிறார். வாரத்துக்கு மூன்று முறை அவ்வாறு ஓடினால் 90 நிமிடம் ஆகிறது. கடும் உழைப்பு வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் போதும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரையும் அதோடு நிறைவேறிவிடுகிறது.

கடும் வழி எவருக்கும் பொருந்தாது என்று சொல்லவில்லை. கால்பந்து, கூடைப்பந்து போன்ற, ஓட்டமும் குதித்தலும் நிறைந்த விளையாட்டுகளை இடைவிடாமல் ஆடிவரும் இளைஞரின் எலும்பும் தசைநாணும் மோதலுக்குப் பழகியவை. அவர் நடை இடைவெளி இல்லாமலேயே தொடங்கலாம், வேகமும் விரைவில் சேர்க்கலாம். மிதிவண்டி ஓட்டத்திலோ நீச்சலிலோ தேர்ந்தவரை இவரோடு சேர்த்துவிடக் கூடாது. அவர்தான் எல்லாரிலும் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுபவர். அவருடைய இதயமும் நுரையீரலும் முதல் நாளே பத்து கிலோமீட்டருக்குச் சம்மதிக்கும், கால்களோ அதற்குத் தயாராக இருப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஓடி, இப்போது திரும்பி வருபவரின் நிலையும் இதைப் போன்றதே. பழைய வேகம் நினைவில் இருக்கும், பழைய தாங்குதிறன் இருக்காது. உடல் எடை மிகுந்தவர்களும் ஐம்பதைக் கடந்தவர்களும் முதல் சில வாரங்களை விரைவு நடைக்கே ஒதுக்குவது நல்லது.

தேதி குறிக்கப்பட்ட ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, ஆறு வாரமே மீதமிருக்கும் நிலையில் கேட்பவர்களுக்கும் என் விடை மாறுவதில்லை. நடையும் ஓட்டமும் கலந்து அந்தத் தூரத்தை முடிக்கலாம். எலும்பு வளர எடுக்கும் காலத்தைப் போட்டித் தேதி சுருக்கிவிடாது.

மற்றொரு புறம், படிப்படியான வழிக்கும் தனக்கே உரிய தோல்வி ஒன்று உண்டு. முதல் வாரத்தின் எளிமை பிடித்துப்போய், மாதங்கள் கடந்தும் அதே 60 நொடி ஓட்டத்தில் நின்றுவிடுவோர் இருக்கிறார்கள். சுமை கூடாவிட்டால் உடல் மாறாது என்ற கடும் வழியினரின் அடிப்படை வாதம் இங்கே முழுக்கச் சரியாகிறது. இரண்டு வாரமாக ஒரே அளவு எளிதாக இருந்தால் கூட்டியே ஆக வேண்டும். கூட்டும்போது நேரத்தை முதலில் கூட்டி, வாரத்தின் ஓட்ட நாள்களை அதற்குப் பிறகும், வேகத்தை எல்லாவற்றுக்கும் கடைசியிலும் கூட்டுவது பாதுகாப்பான வரிசை. அரை மணி நேர ஓட்டம் வாரத்துக்கு மூன்று முறை வலியின்றி இரண்டு மூன்று மாதம் தொடர்ந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள் ஓட்டத்தின் முடிவில் 15 முதல் 20 நொடி வரையிலான நான்கைந்து விரைவோட்டங்களை, நடுவே நன்றாக நடந்து இளைப்பாறிக்கொண்டு சேர்க்கலாம். தீவிரப் பயிற்சியின் பலன்கள் அப்போதும் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கும். அவற்றைத் தாங்கும் கால்களும் அதற்குள் தயாராகியிருக்கும்.

எந்த வழியில் சென்றாலும், நிறுத்த வேண்டிய நேரத்தை அறிந்திருப்பது தேவை. இரு கால் தசைகளிலும் பரவலாக இருந்து, ஓரிரு நாளில் தணியும் வலி இயல்பானது. ஓடத் தொடங்கியதும் தளர்ந்துவிடும் இறுக்கத்தோடு கவனமாகத் தொடரலாம். ஓட ஓடக் கூடும் வலியோடு தொடரக் கூடாது. எலும்பின் மேல் விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி இருந்தால், இரவில் ஓய்விலும் அது வலித்தால், அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்க முடியாவிட்டால், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ காண வேண்டும். அளவுக்கு மீறிய முதல் சில பயிற்சிகளுக்குப் பிறகு தசைகள் வீங்கிக் கடுமையாக வலித்து, சிறுநீர் தேநீர் நிறத்தில் கருத்துப் போனால், அது தசைகள் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.